வால்வு வானொலியின் குரல் கெட்டால்

தொழிலின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து டில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பாட்டனார் காலத்து மரப்பெட்டி வானொலி ஒன்று இன்னும் அலமாரியின் மேல் வீற்றிருப்பதைக் காணலாம். 1950-களிலும் 1960-களிலும் தாய்மொழியைக் காதால் கேட்பதற்கு அயல் மாநிலத்தில் அதுவே பெருந்துணை. இரவு நேரத்தில் சிற்றலையில் சென்னையையும் கொழும்பையும் தேடிப் பிடித்து, நாதசுரமும் நாடகமும் கேட்டு மகிழ்ந்த வீடுகள் பல. ஆதலின் அப்பெட்டியை விலைக்குப் போடவும் மனம் வராது. பழுது பார்க்கவும் வழி தெரியாது. இயக்கினால் உறுமுகின்றது; பாட்டு கரகரக்கின்றது; அல்லது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்து ஒலிக்கின்றது.

இந்நிலையில், "வால்வு போய்விட்டது" என்னும் ஒரே தீர்ப்பைத்தான் பெரும்பாலோர் கூறுவர். அதை நம்பி வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியும் குரல் தெளியாமல், கடைசியில் பெட்டியையே கைவிடுவாரும் உளர். உண்மையில் வால்வு நெடுநாள் உழைக்கக் கூடியது. அதைச் சூழ்ந்திருக்கும் சிறிய, விலை குறைந்த உறுப்புகளே முதலில் முதுமை எய்துகின்றன. அவற்றுள் ஒன்று கெட்டால், அது தான் மட்டும் கெடுவதில்லை. நல்ல வால்வையும், எளிதில் கிடைக்காத டிரான்ஸ்பார்மரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடுகின்றது. எனவே குறை எங்கே உள்ளது என்பதைப் பெட்டியைத் திறக்கும் முன்பே காதால் அறிந்துகொள்வது எவ்வாறு என்பதையும், திறந்தபின் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதையும் இங்கே விளக்க முற்படுகின்றோம்.

ஒலி நடந்து வரும் வழி

நோயை அறிய வேண்டுமானால் உடலின் அமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும். வால்வு வானொலிப் பெட்டியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காணலாம். முதற்பகுதி வானலையைப் பிடித்து, வேண்டிய நிலையத்தை மட்டும் தேர்ந்து, அதிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுப்பது. இரண்டாம் பகுதி, அவ்வாறு பிரித்தெடுத்த மெல்லிய மின்னலையைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைக்கும் வலிமையை ஊட்டுவது. மூன்றாம் பகுதி, வீட்டு மின்சாரத்தை வாங்கி, இவ்விரண்டிற்கும் வேண்டிய உயர் அழுத்த நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது. முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே வாயிற்காவலன்போல் நிற்பதுதான் நாம் திருகும் ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழ். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால், பின்னர்க் கூறப்போகும் சோதனைகள் தெளிவாக விளங்கும்.

வால்வுகளின் மேல் பொறித்துள்ள எழுத்துகளும் வெறும் குறிகள் அல்ல. ஐரோப்பிய முறையில் முதலெழுத்து, வால்வின் சூடேற்றும் இழைக்கு வேண்டிய மின்சாரத்தைக் குறிக்கும். 'ஈ' என்று தொடங்கினால் 6.3 வோல்ட், 'யு' என்று தொடங்கினால் 100 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் வரிசையாகக் கோக்கப்பட்டவை. அடுத்துள்ள எழுத்துகள் வேலையைக் குறிப்பன. 'சி' சிறு பெருக்கத்திற்குரிய டிரையோடு. 'எல்' ஸ்பீக்கரை இயக்கும் வலிய பெண்டோடு. 'இசட்' மின்னோட்டத்தைத் திருத்தும் ரெக்டிபயர். 'எம்' நிலையத்தைக் காட்டும் பச்சை நிற மந்திரக் கண். ஆகவே ஈஎல்84 என்றால், 6.3 வோல்ட்டில் சூடேறி ஸ்பீக்கரை இயக்கும் வால்வு என்று நாமே படித்துக்கொள்ளலாம். ஈசட்80 என்பது ரெக்டிபயர். ஈசிஎச்81 என்பது வானலையை வாங்கி அதன் அதிர்வெண்ணை மாற்றுவது.

முதலில் உயிர், பிறகு ஒலி

குறைகளைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வால்வுப் பெட்டியினுள் 250 வோல்ட், சிலவற்றில் 300 வோல்ட் நேர்மின்னழுத்தம் உலவுகின்றது. அது உயிரைப் பறிக்க வல்லது. பெட்டியை நிறுத்தி, மின் இணைப்பிலிருந்து செருகியைப் பிடுங்கிவிட்டாலும் அபாயம் உடனே அகன்றுவிடாது. மின்னோட்டத்தைச் சீராக்குவதற்கென உள்ள பெரிய கண்டென்சர்கள் அந்த மின்சாரத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். காப்பிடப்பட்ட கம்பிகளுடன் கூடிய தக்க ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை மெல்ல வடியச் செய்து, அளவுகருவியால் அழுத்தம் தணிந்ததை உறுதிசெய்த பின்னரே உள்ளே கை வைத்தல் முறை. திருப்புளியை வைத்துக் குறுக்கே தீப்பொறி பறக்கச் செய்வது தவறான பழக்கம். அது கண்டென்சருக்கும் கேடு, கைக்கும் கேடு.

இதனினும் வஞ்சகமானது மற்றொரு வகைப் பெட்டி. அக்காலத்தில் கல்கத்தா முதலிய நகரங்களின் சில பகுதிகளில் நேர்மின்னோட்டமே வழங்கப்பட்டது. நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் ஆகிய இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட ஏ.சி./டி.சி. பெட்டிகளில், மின்சாரத்தை வீட்டுக் கம்பியிலிருந்து பிரித்துவைக்கும் டிரான்ஸ்பார்மர் இராது. வீட்டு மின்கம்பி இரண்டில் ஒன்று, பெட்டியின் உலோகச் சட்டத்துடனேயே இணைந்திருக்கும். செருகியை ஒருபுறமாகச் செருகினால் சட்டம் அமைதியாக இருக்கும். மறுபுறமாகச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் பாயும். குமிழ் கழன்று அதன் இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால் அதைத் தொடுவதே ஆபத்து. இத்தகைய பெட்டியை அடையாளம் காண்பது எளிது. வால்வுகளின் பெயர்கள் யுசிஎச்81, யுசிஎல்82, யுஒய்85 என 'யு' எழுத்தில் தொடங்கும். அப்படிப்பட்ட பெட்டியை வீட்டில் திறக்க வேண்டா. தொழில் அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். கைப்பேசியையோ வேறு கருவியையோ அதனுடன் கம்பியால் இணைக்கவும் கூடாது.

இனிக் கூறப்போவன டிரான்ஸ்பார்மர் உள்ள, மாறுமின்னோட்டத்தில் மட்டும் இயங்கும் பெட்டிகளைப் பற்றியவை.

நெடுந்துயிலிலிருந்து எழுப்புதல்

பல ஆண்டுகள் இயங்காதிருந்த பெட்டியை ஆவலினால் நேரே மின்சாரத்தில் செருகிவிடுவது பெரும்பிழை. சீராக்கும் கண்டென்சர்களுக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டு. நெடுநாள் மின்சாரம் படாதிருந்தால் அப்படலம் நலிவுறும். திடீரென முழு அழுத்தமும் பாய்ந்தால் அது சூடேறி வெடிக்கலாம். ரெக்டிபயர் வால்வும் அதனுடன் மடியலாம்.

இதற்கு அனுபவசாலிகள் கையாளும் எளிய காப்பு ஒன்று உண்டு. பெட்டிக்குச் செல்லும் மின்கம்பியில் 40 அல்லது 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றை வரிசையில் இணைப்பார்கள். உள்ளே கேடு ஒன்றும் இல்லையாயின், பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து பின் மங்கிவிடும். வால்வுகள் சூடேறும்போது சிறிது மீண்டும் ஒளிரலாம். மாறாக, பல்பு தொடர்ந்து முழு ஒளியுடன் எரியுமாயின் உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கின்றது என்று பொருள்; உடனே நிறுத்திவிட வேண்டும். இச்சோதனைக்கு எல்.ஈ.டி. விளக்கு பயன்படாது.

பெட்டியின் பின்புறத்தில் 200, 220, 240 என்று குறித்த மின்னழுத்தத் தேர்வுத் திருகு இருக்குமானால் அதையும் நோக்க வேண்டும். முன்பிருந்த ஊரின் அழுத்தத்திற்கேற்ப யாரேனும் அதைத் தாழ்வாக வைத்திருக்கலாம். இப்போது நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். பல நேரங்களில் அதற்கும் மேல். திருகு 200-இல் நின்றால் எல்லா வால்வுகளும் அளவுக்கு மீறிச் சூடேறும். 240-இல் வைப்பதே நலம்.

காது கேட்கும் நான்கு கேள்விகள்

பெட்டி இயங்கத் தொடங்கியபின், திறவாமலே நான்கு கேள்விகளுக்கு விடை காணலாம். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது.

முதற்கேள்வி: ஒலிக் குமிழை முற்றிலும் குறைத்தபோது கெட்ட ஓசை நிற்கின்றதா, நீடிக்கின்றதா? நீடிக்குமாயின் குறை, குமிழுக்குப் பிற்பட்ட பகுதியில் உள்ளது. அதாவது பெருக்கும் பகுதியிலோ, மின்வழங்கும் பகுதியிலோ, ஸ்பீக்கரிலோ இருத்தல் வேண்டும். நின்றுவிடுமாயின் பெரும்பாலும் குமிழுக்கு முற்பட்ட பகுதியையே ஐயுற வேண்டும். ஒரு விரலின் அசைவினால் பெட்டியில் பாதியைக் குற்றமற்றது என்று விடுவித்துவிடுகின்றோம்.

இரண்டாம் கேள்வி: குறை எல்லா நிலையங்களிலும் உள்ளதா? பல பெட்டிகளில் கிராமபோனை இணைப்பதற்கென்று பின்புறம் இரண்டு துளைகள் உண்டு. அதில் வேறொரு பாட்டுக் கருவியை இணைத்துக் கேட்கலாம். அப்போதும் குரல் சிதைந்தே வருமாயின் வானலைப் பகுதியைக் குறை கூறுவதில் பயனில்லை. நடுவலை ஒலிபரப்பு பல நகரங்களில் நிறுத்தப்பட்டுவிட்ட இக்காலத்தில், இத்துளைகளே பழைய பெட்டிக்குப் புதுவாழ்வு தரும் வாயிலாகவும் அமைகின்றன. மந்திரக் கண்ணும் சான்று கூறும். நிலையத்தைத் திருப்பும்போது அதன் பச்சை ஒளி நன்றாகச் சுருங்கி விரியுமாயின், வானலைப் பகுதி ஒழுங்காக வேலை செய்கின்றது என்று கொள்ளலாம்.

மூன்றாம் கேள்வி: இயக்கிய உடனேயே குறை தோன்றுகின்றதா, பத்து இருபது நிமிடங்கள் கழித்துத் தோன்றுகின்றதா? முதலில் தெளிவாகப் பாடிப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கம்முமாயின், சூடேறச் சூடேற ஏதோ ஓர் உறுப்பு கசிகின்றது என்பது குறிப்பு.

நான்காம் கேள்வி: குறை பெட்டியில்தான் உள்ளதா? இக்கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. இன்று நம் வீடுகளில் எல்.ஈ.டி. விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், கணினி மின்வழங்கிகள் நிறைந்துள்ளன. இவை மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி வேலை செய்பவை. அதனால் எழும் இரைச்சல் நடுவலையிலும் சிற்றலையிலும் பரவுகின்றது. பாட்டனார் காலத்தில் இல்லாத இப்பகையைப் பெட்டியின் நோய் என்று எண்ணி மயங்குதல் கூடாது. மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் வானொலியை அருகில் வைத்து நடுவலையில் கேளுங்கள். அதிலும் அதே இரைச்சல் வருமாயின் பெட்டி நிரபராதி. வீட்டு விளக்குகளையும் மின்னேற்றிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் உண்மைக் குற்றவாளி அகப்பட்டுவிடுவான்.

உறுமல்

குறைகளுள் முதன்மையானது இடைவிடாத உறுமல். நம் நாட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று உடையது. ரெக்டிபயர் அதன் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், திருத்திய மின்சாரத்தில் நொடிக்கு 100 அலைகள் எஞ்சுகின்றன. அவற்றைச் சமன்செய்வதே பெரிய கண்டென்சர்களின் பணி. அவை வறண்டு தம் கொள்ளளவை இழந்தால், 100 சுற்று உறுமல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும். குமிழைக் குறைத்தாலும் அது நிற்காது.

இன்னோர் உறுமல் 50 சுற்று உடையது. அது முன்னதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சங்கீதப் பயிற்சியுள்ள நம் நேயர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வார்கள். இது பெரும்பாலும் வால்வின் சூடேற்றும் இழையிலிருந்து அதைச் சூழ்ந்த கேத்தோடுக்கு மின்சாரம் கசிவதாலோ, காப்புக் கம்பியின் நில இணைப்பு அறுந்துபோவதாலோ எழுவது. எனவே மேல் ஸ்தாயி உறுமல் கண்டென்சரையும், கீழ் ஸ்தாயி உறுமல் வால்வையோ கம்பியிணைப்பையோ சுட்டிக்காட்டும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

நிலையம் ஒன்றைப் பிடிக்கும்போது மட்டும் தோன்றி, இரண்டு நிலையங்களுக்கு இடையே மறைந்துவிடும் உறுமலும் உண்டு. வானலை, வீட்டு மின்கம்பி வழியாக உள்ளே புகுந்து மின்னோட்டத்துடன் கலப்பதால் இது விளைகின்றது. இதைத் தடுக்க மின்வழங்கும் பகுதியில் வைத்திருக்கும் சிறு கண்டென்சர் கெட்டிருக்கலாம். அதை மாற்றும்போது, வீட்டு மின்சாரத்தை நேரே தாங்குவதற்கென்றே செய்யப்படும் பாதுகாப்பு வகைக் கண்டென்சரையே இடுதல் வேண்டும்.

உறுமலுக்கு மாறாக, இயந்திரப் படகு செல்வதுபோல் "டப் டப்" என்று ஒலிக்குமாயின், ஒரு வால்வின் மின்வழியை மற்றொன்றிலிருந்து பிரித்துவைக்கும் கண்டென்சர் செயலிழந்துள்ளது என அறியலாம்.

குரலைச் சிதைக்கும் சிறு கசிவு

இனி நாம் சிறப்பாக வற்புறுத்த விரும்பும் குறைக்கு வருகின்றோம். பாடகரின் குரல் கட்டைத் தொண்டையாய், பிசிறு பிசிறாய், சூடேறச் சூடேற மோசமாகிக்கொண்டு வருமாயின், நூற்றுக்குப் பெரும்பங்கு அதற்குக் காரணம் இணைப்புக் கண்டென்சர் எனப்படும் ஒரு சிறு உறுப்பே.

முதற்பெருக்க வால்வின் ஆனோடில் ஏறத்தாழ 100 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். அங்கிருந்து பாட்டை மட்டும் ஈஎல்84-இன் கிரிட்டுக்கு விட்டு, அந்த 100 வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவதே இக்கண்டென்சரின் கடமை. அக்காலத்தில் இதைக் காகிதத்தாலும் தகட்டாலும் சுருட்டி மெழுகு பூசிச் செய்தார்கள். மும்பையின் கடற்காற்றிலும் கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்திலும் பல்லாண்டு இருந்த காகிதம் ஈரத்தை உறிஞ்சுகின்றது, மின்சாரம் கசிகின்றது.

கசிவு எவ்வளவு சிறியதாயினும் அதன் விளைவு பெரிது. ஒரு கணக்கைப் பார்ப்போம். கண்டென்சரின் கசிவுத் தடை 2 கோடி ஓம், அதாவது 20 மெகா ஓம் என்று கொள்வோம். சாதாரண அளவுகருவியில் இது 'நல்லது' என்றே தோன்றும். ஆனால் கிரிட்டிலிருந்து சட்டத்திற்குச் செல்லும் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் ஆயின், 100 வோல்ட்டில் 21-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 4.8 வோல்ட், கிரிட்டில் ஏறி நிற்கும். ஈஎல்84 அமைதியாக வேலை செய்வதற்கு அதன் கிரிட், கேத்தோடைவிட 7.3 வோல்ட் தாழ்வாக இருத்தல் வேண்டும். அத்தகைய நுண்ணிய சமநிலையில் 4.8 வோல்ட் வந்து புகுந்தால் என்ன ஆகும்? கேத்தோடில் உள்ள ரெசிஸ்டர் ஓரளவு தடுத்துப் பார்க்கும். எனினும் வால்வின் மின்னோட்டம் அளவை மீறும். குரல் சிதையும். வால்வின் ஆனோடு செந்நிறமாகக் கனலும். முடிவில் ஸ்பீக்கருடன் இணைக்கும் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பிச் சுருள் எரிந்து அறும்.

இந்நிலையில் புது வால்வு போட்டால் சில நாள் குரல் தேறியதுபோல் தோன்றும். பிறகு அதுவும் அதே வழியே செல்லும். ஒரு சில ரூபாய்க் கண்டென்சரை விட்டுவிட்டு வால்வை மாற்றுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுப் பாயை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

சோதிக்கும் முறையும் எளிதே. ஆனால் மின்சாரம் பாயும்போது செய்ய வேண்டியதாகலின் பயிற்சி உள்ளவரே செய்தல் வேண்டும். 10 மெகா ஓம் உள்தடை உடைய எண்காட்டி அளவுகருவியால், ஈஎல்84-இன் கிரிட்டுக்கும் சட்டத்திற்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே நேர்மின்னழுத்தம் ஏதும் இருத்தலாகாது. ஒரு வோல்ட்டோ இரண்டு வோல்ட்டோ காட்டினால், வால்வைச் சிறிது நேரம் கழற்றிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் அப்படியே இருந்தால் குற்றம் கண்டென்சருடையது, மறைந்துவிட்டால் வால்வினுடையது. கேத்தோடு ரெசிஸ்டரும் ஒரு சாட்சி. 135 ஓம் ரெசிஸ்டரின் மேல் 7.3 வோல்ட் இருப்பது ஒழுங்கு. அது சுமார் 54 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைக் குறிக்கும். அங்கே 11 வோல்ட் நின்றால் மின்னோட்டம் 80-ஐத் தாண்டிவிட்டது. உடனே நிறுத்த வேண்டும். பெட்டிக்குப் பெட்டி இந்த ரெசிஸ்டரின் அளவு மாறலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

பழைய காகிதக் கண்டென்சருக்குப் பதிலாக, அதே கொள்ளளவும் 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் திறனும் உள்ள பாலியெஸ்டர் கண்டென்சரை இடலாம். பெட்டியைக் காப்பாற்ற ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்க என்போம்.

மெலிவும் கரகரப்பும்

குரல் தெளிவாக இருந்தும் வலிமை குன்றியிருந்தால், வால்வு தேய்ந்திருப்பது ஒரு காரணம். ஆனால் அதற்கு முன் வேறு இரண்டைப் பார்க்க வேண்டும். கேத்தோடு ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள கண்டென்சர் வறண்டு போனால், வால்வு தன் பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கார்பன் ரெசிஸ்டர்களும் ஆண்டு ஏற ஏறத் தம் தடையைக் கூட்டிக்கொள்ளும் இயல்புடையவை. 2 லட்சம் ஓம் என்று குறித்த ரெசிஸ்டர் 3 லட்சத்தைத் தாண்டி நிற்பதும் உண்டு.

குமிழைத் திருகும்போது மட்டும் 'சரசர' என்று ஒலித்தால் அதன் கார்பன் தடத்தில் தூசி படிந்துள்ளது. டில்லியின் புழுதிக்கு இது சாதாரணம். மின்னிணைப்புகளைத் தூய்மை செய்யும் திரவத்தைச் சில துளி விட்டுப் பலமுறை திருகினால் சரியாகும். தூய்மை செய்த சில நாட்களிலேயே சரசரப்பு மீளுமாயின், கசியும் கண்டென்சர் ஒன்றினால் குமிழில் நேர்மின்சாரம் ஏறுகின்றதா என்று ஆராய வேண்டும்.

பென்சிலின் மரமுனையால் வால்வை மெல்லத் தட்டும்போது மணி ஒலிப்பதுபோல் ஸ்பீக்கரில் கேட்டால், அவ்வால்வின் உள்ளுறுப்புகள் தளர்ந்துள்ளன. ஒலியைக் கூட்டும்போது, ஸ்பீக்கரின் அதிர்வு வால்வைத் தாக்கி, வால்வு அதை மீண்டும் பெருக்கி, ஊளையாக எழுவது இதனால்தான். இங்கே மட்டும் வால்வை மாற்றுவதே மருந்து.

ஸ்பீக்கரையும் மறத்தலாகாது. குறைந்த ஒலியில் உராய்வு கேட்டால், காகிதக் கூம்பின் நடுவில் உள்ள கம்பிச் சுருள் நிலை பெயர்ந்து காந்தத்தைத் தொடுகின்றது. சில சுரங்களில் மட்டும் படபடத்தால் கூம்பு கிழிந்திருக்கலாம். மெல்லிய காகிதத்தைப் பசையிட்டு ஒட்டினால் பல்லாண்டு உழைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இயக்குதல் கூடாது. சுமையற்ற டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் வரம்பு மீறி எழுந்து காப்பைத் துளைத்துவிடும். அதுபோலவே, ஓசை அடியோடு நின்று, ஈஎல்84-இன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று சிவந்து கனல்வதைக் கண்டால், டிரான்ஸ்பார்மரின் சுருள் அறுந்துவிட்டது என அறிந்து அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

கிட்டார்ப் பெருக்கிக்கும் இதுவே நெறி

இந்த ஈஎல்84 வால்வு வானொலிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகிப் புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30 என்னும் கிட்டார்ப் பெருக்கியில் இவை நான்கு உண்டு. நம் இளைஞர்கள் இன்று விரும்பி வாங்கும் வால்வுப் பெருக்கிகளும் இதே அமைப்பினவே. வேறுபாடு ஒன்று உளது. வானொலியில் ஒலிச் சிதைவு நோய்; கிட்டாரில், வால்வை அதன் எல்லைக்கு ஓட்டிப் பெறும் சிதைவு விரும்பப்படும் சுவை. ஆயினும் வாசிப்பவர் விரும்பி எழுப்பும் சிதைவு வேறு, மெல்ல மீட்டும்போதும் விடாமல் ஒட்டிக்கொண்டு வரும் சிதைவு வேறு. பின்னது கண்டால் மேற்கூறிய கேள்விகளையே அங்கும் கேட்க வேண்டும்.

கிட்டாரின் பெயரால் வானொலிக்கும் ஒரு நன்மை விளைந்தது. பெங்களூரில் 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1961-இலிருந்து வானொலி வால்வுகளைச் செய்துவந்தது. டிரான்சிஸ்டர் பரவியபின் உலகெங்கும் வால்வுத் தொழில் சுருங்கிற்று. ஆயினும் இசைக்கருவியாளரின் தேவையால் ஈஎல்84, ஈசிசி83 போன்றவற்றை ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்றும் புதிதாகச் செய்கின்றார்கள். ஈசிஎச்81 போன்ற வானலை வால்வுகளோ பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தே கிடைக்க வேண்டும். ஆதலின் அவற்றைக் கவனக் குறைவினால் இழத்தல் தகாது.

பழுது பார்ப்பவரிடம் செல்லும்போது

உறுப்புகள் வாங்க அயல் மாநிலத்தில் எங்கே செல்வது என்று திகைக்க வேண்டியதில்லை. மும்பையில் லாமிங்டன் சாலை, டில்லியில் லஜ்பத் ராய் சந்தை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. சாலை ஆகியன இத்தகைய பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். விடுமுறையில் சென்னைக்கு வருவோர்க்கு ரிச்சி தெருவும் உண்டு.

வால்வு வேலை அறிந்த முதியவர்கள் அருகிவருகின்றார்கள். அவர்களுள் ஒருவரைக் கண்டுபிடித்துச் செல்லும்போது, மொழி வேறாக இருந்தாலும் குறையைத் தெளிவாகச் சொல்லும் வழி நம்மிடமே உள்ளது. நான்கு கேள்விகளுக்கும் கண்ட விடைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குமிழைக் குறைத்தால் ஓசை நிற்கின்றதா, கிராமபோன் துளையில் எவ்வாறு ஒலிக்கின்றது, எத்தனை நிமிடத்தில் குறை தோன்றுகின்றது, டிரான்சிஸ்டர் பெட்டியிலும் அவ்விரைச்சல் உண்டா. "பாட்டு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் பெட்டி முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். இவ்விடைகளைக் கண்டால் குறையுள்ள இடத்திற்கு நேரே செல்வார். இணைப்புக் கண்டென்சரையும் சீராக்கும் கண்டென்சர்களையும் முதலில் மாற்றித் தருமாறு கேளுங்கள். வால்வை மாற்றுவது இறுதியில் இருக்கட்டும். கழற்றிய பழைய வால்வுகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவற்றுட் பல இன்னும் உயிருள்ளனவாகவே இருக்கும்.

காது பொறுமையுடன் கேட்பதும், கை அச்சத்துடன் தொடுவதும் இக்கலையின் இரண்டு கண்கள். இவ்விரண்டையும் கைக்கொண்டால், தாய்மொழியைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அப்பெட்டி, அடுத்த தலைமுறைக்கும் தெளிந்த குரலில் பாடும்.